கனகவல்லியின் எறும்புகள்

என் மனைவி கனகவல்லியின் வலது பின்பக்கத்தில், தோலுக்கு அடியில், தீப்பெட்டி அளவுக்கு ஒரு பேட்டரி இருக்கிறது. இதை வெளியே சொன்னால் மரியாதையாக இருக்காது என்று முதல் ஆறு மாதம் நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் அவளே காய்கறிக்காரர், கேஸ் சிலிண்டர் போடுபவர், லிஃப்டில் வந்த முன்பின் தெரியாத பெண் என்று எல்லாரிடமும் சொல்லி முடித்திருந்தாள். "தொட்டுப் பாக்கறீங்களா?" என்றுகூடக் கேட்பாள். பெண்களிடம் மட்டும்தான், அந்த அளவுக்கு விவேகம் இருந்தது.

நான் பக்தவத்சலம். மராட்டி பேசுகிற ஊரான போசரியில் ஒரு இன்ஜினியரிங் கம்பெனியில் முப்பத்தோரு வருடம் கிரைண்டிங் மெஷினில் நின்றவன். இரும்புத் துண்டைக் காந்த மேடையில் ஒட்டவைத்து, மேலே கல்லை ஓடவிட்டு, மயிரிழை மயிரிழையாகத் தேய்த்துச் சமப்படுத்துகிற வேலை. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என் மானம் போகப்போவது இதனால்தான்.

கனகா பிம்ப்ரியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தாள். ஏழு வருடத்துக்கு முன்னால் முதுகுத் தட்டு விலகி ஆபரேஷன் செய்தார்கள். நல்லபடியாக முடிந்தது என்றார்கள். முடிந்தது ஆபரேஷன்தான். நரம்புவலி இடது காலில் இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும் அப்படியே குடியேறிவிட்டது. கொதிக்கிற எண்ணெயை மெதுவாக ஊற்றுகிற மாதிரி இருக்கிறது என்பாள். போர்வை பட்டால் வலி, ஃபேன் காற்று பட்டால் வலி. பத்துக்கு எவ்வளவு வலிக்கிறது என்று டாக்டர் கேட்டால் மற்றவர்கள் ஏழு, எட்டு என்பார்கள். இவள், "ஏழே முக்கால் டாக்டர். குனிஞ்சா எட்டேகால்" என்பாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்ப்பார்.

நாலரை வருடம் அப்படிப் போயிற்று. வேலையை விட்டாள். தூக்கத்தில் என் கால் அவள் காலில் பட்டுவிடுமோ என்று பயந்து நான் கட்டிலை விட்டு இறங்கித் தரையில் படுக்க ஆரம்பித்தேன். பிறகு அவள் மேல் என் கை படுவதே குறைந்துபோயிற்று. தண்ணீர் டம்ளரைக்கூட மேஜைமேல் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். அவளைப் பார்த்துக்கொள்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது இதுதான்.

அப்புறம் வலிக்கென்றே வைத்தியம் பார்க்கிற ஒரு டாக்டர் இந்தக் கருவியைப் பற்றிச் சொன்னார். தண்டுவடத்தை ஒட்டி இரண்டு மெல்லிய ஒயர், பின்பக்கத்தில் பேட்டரி, கையில் ஒரு ரிமோட். ஒயரில் லேசாகக் கரண்ட் ஓடினால், வலி மூளைக்குப் போய்ச் சேருவதற்குள் வேறொரு உணர்ச்சி குறுக்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். முதலில் ஒரு வாரம் பேட்டரியை வெளியில் வைத்துச் சோதித்தார்கள். இரண்டாம் நாள் காலையில் கனகா என்னை எழுப்பினாள்.

"ஏங்க, காலெல்லாம் எறும்பு ஊருதுங்க."

நான் பதறி எழுந்து படுக்கையை உதறப் போனேன். "நெஜ எறும்பு இல்லைங்க. உள்ள ஊருது" என்றாள்.

"வலி?"

"ரெண்டரை" என்று சொல்லிவிட்டு அழுதாள். பிறகு சிரித்தாள். பிறகு இரண்டையும் ஒன்றாகச் செய்தாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் எறும்பு. "எறும்பைக் கொஞ்சம் கூட்டிக்கறேன்" என்பாள், ரேடியோ சத்தத்தைக் கூட்டுகிற மாதிரி. புதன்கிழமை சாயங்காலம் எறும்புக்குச் சாப்பாடு: சார்ஜ் ஏற்றுகிற பெல்ட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் டிவி முன்னால் உட்காருவாள். வியாழக்கிழமை எங்கள் பகுதியில் கரண்ட் எப்போது போகும் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால் புதன். வலி போய்விடவில்லை. இரண்டரையிலிருந்து மூன்றேகாலுக்குள் தினமும் ஏதோ ஒரு எண்ணில் இருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டே அவள் மெட்ரோ ஏறுவாள். ஸ்டேஷன் வாசலில் கருவிக்கான கார்டை நீட்டி, மெட்டல் டிடெக்டரைச் சுற்றிக்கொண்டு மந்திரி மாதிரி உள்ளே போவாள்.

கருவியோடு ஒரு சின்னப் புத்தகமும் கொடுத்தார்கள். அதை மூன்று தடவை படித்தவன் நான் ஒருவன்தான். காந்தம் பக்கத்தில் வந்தால் கருவி தானாக அணைந்துவிடலாம் என்று ஒன்பதாம் பக்கத்தில் போட்டிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டியிருந்த கன்னியாகுமரி, மகாபலேஷ்வர், திருப்பதி லட்டு எல்லாவற்றையும் பிடுங்கி டப்பாவில் போட்டுக் கீழ்வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். ஹிஞ்சேவாடியில் வேலை பார்க்கும் எங்கள் பெண் வைஷு, "அப்பா, நீ அம்மாக்கு செக்யூரிட்டி கார்ட் மாதிரி பண்றே" என்றாள். அவள் தமிழ் அவ்வளவுதான், ஆனால் சரியாகத்தான் சொன்னாள்.

இந்த நிலையில்தான் மேதா தாயி வந்தாள். எங்களுக்கு மேல் மாடி. இங்கே அக்காவைத் தாயி என்பார்கள். அறுபது வயது, பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவள், ஆள் நல்ல வாட்டசாட்டம். இந்த ஊரில் சிராவண மாதத்துச் செவ்வாய்க்கிழமைகளில் புதுப்பெண்களுக்காக மங்களாகௌரி பூஜை நடக்கும். பூஜை முடிந்ததும் பெண்கள் கூடி ஆடிப் பாடுவார்கள். இப்போது அது போட்டியாகிவிட்டது. ஐம்பதைத் தாண்டிய பெண்கள் ஒன்பது கஜம் கட்டிக்கொண்டு குழுகுழுவாக மேடையேறுகிறார்கள். எங்கள் காலனிக் குழுவில் பதினொரு பேர். பன்னிரண்டாவது ஆளாகக் கனகாவைச் சேர்த்துக்கொண்டாள் மேதா தாயி. ஓரமாக நின்று தாளம் தட்டத்தான் சேர்க்கிறாள் என்று நான் நினைத்தேன். ஃபுகடி ஆட என்று பிறகு தெரிந்தது.

ஃபுகடி என்றால் இரண்டு பேர் எதிரெதிரே நின்று, கைகளைக் குறுக்காகக் கோத்து, கால்விரல்களைக் கிட்டக் கிட்ட வைத்து, பின்னால் சாய்ந்துகொண்டு சுற்றுவது. மெதுவாக ஆரம்பித்து, பார்க்கிறவர்களுக்கே தலை கிறுகிறுக்கிற வேகத்துக்குப் போய்விடும். இவர் எடையை அவர் தாங்க வேண்டும், அவர் எடையை இவர். ஒருவர் கையை விட்டால் இரண்டு பேரும் சுவரில் போய் ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

"முதுகைத் திருப்பக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு, ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"அது மொத ரெண்டு மாசத்துக்கு. இப்ப ரெண்டு வருஷம் ஆச்சு. அதுவும் இல்லாம, ஃபுகடில முதுகு திரும்பாதுங்க. நான் முழுசா திரும்பறேன். அது வேற, இது வேற." கரும்பலகை இருந்திருந்தால் படம் போட்டே காட்டியிருப்பாள்.

டாக்டரிடமே கேட்டுவிடலாம் என்று கூட்டிப்போனேன். அவர் மராட்டிக்காரர். ஃபுகடி என்றதும் முகமெல்லாம் சிரிப்பாகி, அவர் அம்மா ஆடியதைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினார். முதுகை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, மெதுவாக ஆரம்பியுங்கள், வலித்தால் நிறுத்துங்கள் என்றார். யாரை நம்பிப் போனேனோ அவரே கட்சி மாறிவிட்டார்.

ஒரு மாதம் காலனி ஹாலில் பயிற்சி நடந்தது. வெளியே மழை கொட்டும், உள்ளே பன்னிரண்டு பெண்கள் தரையதிர ஆடுவார்கள். கனகாவும் மேதா தாயியும் பத்து சுற்று, பதினைந்து சுற்று, இருபத்திரண்டு சுற்று என்று ஏற்றிக்கொண்டே போனார்கள். ஆடி முடித்து வீட்டுக்கு வந்தும் கனகா நேராக நடக்க மாட்டாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "வீடு இன்னும் சுத்துதுங்க, நிறுத்துங்க" என்று சிரிப்பாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தோசை வார்ப்பேன். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனால் பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. ஒயர் நகர்ந்துவிட்டால் மறுபடி ஏழே முக்கால். அதை இன்னொரு முறை பக்கத்தில் நின்று பார்க்க என்னால் முடியாது.

போட்டிக்கு எல்லாரும் ஒரே மாதிரி இடுப்புப் பட்டை போட வேண்டும் என்று முடிவாயிற்று. மேதா தாயி வாங்கிவந்ததில் பின்னால் கொக்கி. கொக்கி மாட்ட வேண்டுமென்றால் கனகா கையைப் பின்னால் வளைத்து முதுகை முறுக்க வேண்டும். நான் விடுவேனா? துளசிபாக் கடைத்தெருவில் ஒரு மத்தியானம் முழுக்க அலைந்தேன். அதே டிசைனில், இரண்டு முனையும் கிட்ட வந்தாலே தானாகக் கவ்விக்கொள்கிற பூட்டு வைத்த பட்டை கிடைத்தது. இழுத்துப் பார்த்தேன். பிடி பிரமாதம். இதைவிடப் பிடி கம்மியாக இரண்டைக் காட்டினார் கடைக்காரர். எனக்கு வேலை தெரியும், இதுதான் வேண்டும் என்றேன்.

செவ்வாய்க்கிழமை முதல் தடவையாக முழு அலங்காரத்தோடு பயிற்சி. எட்டாவது சுற்றில் கனகா நின்றுவிட்டாள். முகம் வெளுத்திருந்தது.

"எறும்பு போச்சுங்க."

ரிமோட்டைப் பார்த்தால் கருவி அணைந்து கிடந்தது. மறுபடி போட்டதும் எறும்பு வந்தது. மேதா தாயி, "காய் ஜால? காய் ஜால?" என்று, என்ன ஆச்சு என்பதை மராட்டியில் கேட்டுக்கொண்டே தண்ணீர் கொடுத்தாள். தற்செயலாக இருக்கும் என்றார்கள். வியாழக்கிழமை மறுபடி அலங்காரப் பயிற்சி. நான்காவது சுற்றில் மறுபடி அணைந்தது. அந்த முறை ரிமோட்டைத் தேடி எடுக்க நேரமாகிவிட்டது. வலி முழுசாகத் திரும்பி வந்ததை நான் அவள் உதட்டில் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை டாக்டரிடம் ஓடினோம். கருவியைச் சோதிக்கிற பெண் லேப்டாப்பை வைத்து அரை மணி நேரம் பார்த்தாள். எல்லா அளவும் சரியாக இருந்தது. "பக்கத்துல ஏதாவது காந்தம் இருந்துச்சா?" என்று ஹிந்தியில் கேட்டாள்.

"எங்க வீட்டில் காந்தமே கிடையாது. ஃப்ரிட்ஜில் இருந்ததைக்கூட அன்றைக்கே எடுத்துவிட்டேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவள் என்னைப் பாராட்டினாள்.

அப்படியானால் அசையும்போது மட்டும் விட்டுப்போகிற இணைப்பாக இருக்கலாம் என்றார் டாக்டர். சுற்றுவதை நிறுத்திப் பாருங்கள். நிறுத்தினால் சரியாக இருக்கிறது என்றால் அப்படியே விட்டுவிடலாம். அதன் பிறகும் அணைந்தால் திறந்துதான் பார்க்க வேண்டும். வரும் வழியெல்லாம் கனகா கார் ஜன்னலில் மழையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். போட்டி ஞாயிற்றுக்கிழமை.

சனிக்கிழமை நாலு மணி இருக்கும். ஹாலில் கனகா ஃபோனில் மேதா தாயியிடம் வேறு ஜோடி பார்த்துக்கொள்ளச் சொல்லிக்கொண்டிருந்தாள். குரலில் ஒரு பிசிறும் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் உள்ளே புடவை, பட்டை எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்க எடுத்துவைத்துக்கொண்டிருந்தேன். பீரோவைச் சாத்திவிட்டுப் பட்டையோடு திரும்பினேன். டக் என்று ஒரு சத்தம். என் கையில் இருந்த பட்டை பீரோக் கதவில் ஒட்டிக்கொண்டு தொங்கியது.

அந்தச் சத்தத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் நான் அடையாளம் சொல்வேன். முப்பத்தோரு வருடம் தினமும் கேட்ட சத்தம். பிய்த்து எடுத்தேன். கிட்டக் கொண்டுபோனேன். டக். சுற்றச் சுற்றப் பட்டை நழுவும். பின்னால் இருக்கிற பூட்டு வலது பக்கம் வந்து, சரியாகப் பேட்டரிக்கு மேலே உட்காரும். செவ்வாய்க்கிழமை எட்டு சுற்று ஆயிற்று. வியாழக்கிழமை இன்னும் தொளதொளவென்று கட்டியிருந்தாள், நாலே சுற்று. மற்ற பதினொரு பேருக்கும் கொக்கி. ஊரெல்லாம் தேடி, பிடி நன்றாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்து, காசு கொடுத்துக் காந்தத்தை வாங்கிவந்து பெண்டாட்டியின் இடுப்பில் கட்டியவன் நான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உடனே நான் ஹாலுக்கு ஓடவில்லை. பீரோ முன்னால் அப்படியே நின்றேன். நான் வாயைத் திறக்காவிட்டால் ஒரு கெடுதலும் இல்லை. பட்டை திரும்பிப் போய்விடும், கருவி இனி அணையாது, ஆபரேஷனும் வேண்டாம். ஃபுகடி நின்றுபோகும். நான் முதலிலிருந்து சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். அவள் பத்திரமாக டிவி முன்னால் உட்கார்ந்திருப்பாள். இரண்டு வருடமாக நான் வேண்டிக்கொண்டது இதுதானே?

ஹாலில் அவள் ஃபோனை வைத்துவிட்டாள். பிறகு சத்தமே இல்லை. அந்த நாலரை வருடமும் எங்கள் வீட்டில் இப்படித்தான் சத்தமே இல்லாமல் இருந்தது.

"கனகா, இங்க வா" என்றேன். "வரும்போது அந்தக் குட்டிப் புக்கை எடுத்துட்டு வா. ஒம்பதாம் பக்கம்."

வந்தாள். பக்கத்தைப் படித்தாள். பீரோவில் தொங்கும் பட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கையை நீட்டிப் பட்டையை இழுத்து, விட்டாள். டக்.

"எத்தனை வருஷம் சர்வீசு?"

"முப்பத்தொண்ணு."

"காந்தத்துல?"

"காந்தத்துல."

கட்டிலில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, "பிடி பிரமாதம்னு சொன்னீங்களே" என்று நடுநடுவே சொல்லிச் சிரித்தாள். வைஷுவுக்கு ஃபோன் போட்டாள். மேதா தாயிக்குப் போட்டாள். மேதா தாயி சிரித்தது ஃபோன் இல்லாமலே மேல் மாடியிலிருந்து கேட்டது. டாக்டருக்குச் சொன்னபோது அவரும் சிரித்துவிட்டு, பட்டை இல்லாமல் இன்றைக்கே நாலு சுற்று சுற்றிப் பாருங்கள், அணையவில்லை என்றால் நாளைக்கு ஆடலாம் என்றார்.

போட்டியில் என்ன ஆயிற்று என்று எல்லாரும் கேட்கிறார்கள். மூன்றாம் பரிசு. கனகா சாதாரணக் கயிறு வைத்த பட்டை கட்டிக்கொண்டு, மேதா தாயியோடு இருபத்தேழு சுற்று சுற்றினாள். சுற்றி முடித்து வணக்கம் வைக்கத் திரும்பியவள், தலை சுற்றலில் நடுவர்களை விட்டுவிட்டுத் திரைச்சீலைக்கு வணக்கம் வைத்தாள். அதற்குத்தான் கைதட்டல் அதிகம். எனக்கு அதைவிட முக்கியம் முந்தின நாள் சாயங்காலம்.

சுற்றிப் பார்க்கச் சொன்னார் டாக்டர். ஜோடி வேண்டும். மேதா தாயி தலைக்கு மருதாணி அப்பியிருந்தாள், இரண்டு மணி நேரம் அசைய மாட்டேன் என்றுவிட்டாள். கனகா ஹாலில் சோபாவை ஓரமாகத் தள்ளச் சொன்னாள். தள்ளினேன். ரிமோட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, வெறும் காலோடு நடுவில் வந்து நின்று, இரண்டு கையையும் குறுக்காக நீட்டினாள்.

"நானா?" என்றேன்.

"காந்தம் வாங்கினது யாரு? அவர்தான் வரணும்."

கையைப் பிடித்தேன். கால்விரலோடு கால்விரலை வைக்கச் சொன்னாள். அவள் இடது பாதத்துக்கு ஒரு சாண் தள்ளி என் காலை வைத்தேன். அவளே காலை நகர்த்திக்கொண்டு வந்து என் விரல்மேல் விரலை ஒட்டினாள். ஏழு வருடமாக நான் தொடாத கால்.

"பின்னால சாய்ங்க."

கொஞ்சம் சாய்ந்தேன்.

"இது சாயறதா? முழு வெயிட்டையும் குடுங்க."

"எழுபத்தெட்டு கிலோ, கனகா."

"மேதா தாயி எண்பத்தாறு. குடுங்க, நான் பிடிச்சிருக்கேன்."

கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்தேன். அவள் கை இறுகியது. விழவில்லை. சுற்ற ஆரம்பித்தோம். சோபா போயிற்று, டிவி போயிற்று, ஜன்னல் மழை போயிற்று, மறுபடி சோபா வந்தது. ஐந்து, ஆறு என்று அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். எட்டாவது சுற்று தாண்டியது. எனக்குத் தலை கழன்றுவிடும் போல இருந்தது, வாயில் சிரிப்பு தானாக வந்தது. எதிரில் அவள் முகம் ஒன்றுதான் நிலையாக இருந்தது.

"எறும்பு இருக்கா?" என்று கத்தினேன்.

"இருக்கு, இருக்கு!"

"வலி எவ்வளவு?"

காலும் அரையும் முக்காலும் சொல்லாமல் விடாத என் கணக்கு டீச்சர், தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு சிரித்தாள்.

"தெரியலைங்க. சுத்துங்க."